குருவி பார்க்கப் போன கதை

என்னைப் பெண் பார்க்க வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. வந்து உட்கார்ந்ததிலிருந்து எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கிய கூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணி மாசத்து மழை. மொட்டை மாடியில் இருக்க வேண்டிய கூண்டை, நனையாமல் இருக்கட்டும் என்று கூடத்தில் கொண்டுவந்து மாட்டியிருந்தோம். அதனால் விருந்தாளி வருகிற நாளில் கூடம் முழுக்கத் தினை உமி. அம்மா பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருந்தது. மிக்சர் தட்டில்கூட ஒரு பச்சை இறகு கிடந்தது. அதை நான் கடைசி நேரத்தில் எடுத்துப் போட்டேன்.

கூண்டுக்குள் சுந்தரி வேலையில் இருந்தாள். சுந்தரி ஒரு லவ் பேர்ட். பழைய ஜெராக்ஸ் தாளின் ஓரத்தைத் தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தோடு வரிசையாகக் கடித்து, விரல் நீளத்துக்கு ஒரு நாடாவைக் கத்தரித்தாள். கழுத்தைப் பின்னால் வளைத்து, அந்த நாடாவை இடுப்புக்குக் கீழே இருக்கும் நீல இறகுக்குள் செருகிக்கொண்டாள். இன்னொன்று கத்தரித்தாள், அதையும் செருகினாள். பின்பக்கம் காகிதம் துருத்திக்கொண்டு நிற்க, கூட்டுக்கென்று உள்ளே வைத்திருந்த மண்பானைக்குள் நுழைந்தாள். பக்கத்துக் குச்சியில் அவள் புருஷன் சோம்பேறி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். சோம்பேறி என்பது நான் வைத்த பெயர்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். எங்கள் வீட்டில் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"ஆம்பளை நல்லா வேலை செய்யுதுங்க."

நான் சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றிருந்தேன். என் நாக்கு எனக்கே அடங்காது என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

"அது ஆம்பளை இல்லீங்க, பொம்பளை" என்றேன்.

அவர் அப்போதும் திரும்பவில்லை. "கூடு கட்டுறது ஆம்பளைதாங்க. சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினு இருக்கேன்."

"எங்க பாத்தீங்க?"

"எங்க கெணத்தாண்ட. தூக்கணாங்குருவி. பொம்பளைக் குருவி கூட்டுக்கு ஒரு நாரு எடுத்தாறாது. வேணும்னா வந்து பாருங்க."

என் அப்பாவின் அக்கா செல்லம்மா அத்தை, வாய்க்குக் கொண்டுபோன மிக்சரைத் தட்டிலேயே திரும்பப் போட்டாள்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிப்பது எங்கள் குடும்பங்களில் வழக்கமில்லை. வீடு பார்க்க அத்தை போவாள், சித்தி போவாள், சும்மா இருக்கும் பக்கத்து வீட்டுக்காரியும் கூடப் போவாள். அந்த வீட்டில் காலம் முழுக்கக் குடியிருக்கப் போகிறவள் மட்டும் போகக் கூடாது. அப்படியிருக்க, பேச்சே இன்னும் முடியாத ஒரு சம்பந்தத்தில் மாப்பிள்ளை தன் வாயாலேயே பெண்ணை "வந்து பாருங்க" என்று கூப்பிட்டுவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டோடு உள்ளே ஓடிப்போனேன்.

அசலும் போலியும்

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மிஷின் வாங்கிய கூத்தைப் போன வாரம் சொன்னேன். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு, வீணாய்ப்போன தாள். கோணலாக விழுந்தது, மை ஈஷியது, பாதியில் சிக்கியது. ஜாதிச் சான்றிதழ், பட்டா, ஹால் டிக்கெட் என்று ஊரே அந்த மூட்டையில் கிடக்கும். அந்தத் தாளுக்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தவள் சுந்தரிதான்.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பவை பெரும்பாலும் லவ் பேர்ட்ஸ் இல்லை. வால் நீண்டு, கழுத்தில் கோடு கோடாக, மஞ்சளும் நீலமுமாகக் கீச்சிடுமே, அது வேறு ஜாதிக் கிளி, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அசலைக் கேட்டால் பறவைக் கடைக்காரர், "ஆஃப்ரிக்கன் வேணுங்களா?" என்பார். அது குட்டை வால், குண்டு உடம்பு, பச்சை இறகு. முகம் மட்டும் சிவப்புக் கொய்யாப்பழத்தை அறுத்து வைத்த நிறம். சுந்தரி அந்த ஆஃப்ரிக்காக்காரி.

முதலில் வாங்கியபோது ஜோடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சுந்தரியும் அந்த இன்னொன்றும் ஒட்டி உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று தலை கோதி, பார்க்கிறவர்களுக்குப் பொறாமை வருகிற மாதிரி இருந்தன. இரண்டும் காகிதம் கத்தரித்தன. பிறகு முட்டை வந்தது. பார்த்தால் மேலும் மேலும் வந்தது. பானை நிறைய முட்டை, ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

செல்லம்மா அத்தை கண்ணேறு என்றாள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கூண்டில் கட்டினாள். மறுநாள் காலையில் பார்த்தால் மிளகாயைக் காணோம். இரண்டும் பங்கு போட்டுத் தின்றுவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டிருந்தன. "காரம் இன்னா ஏதுன்னு தெரியாத ஜென்மம், இதுங்க எங்க குடும்பம் நடத்தும்" என்று அத்தை கைகழுவிவிட்டாள்.

பறவை வளர்க்கும் ஒரு அக்கா கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோதுதான் ரகசியம் உடைந்தது. இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்குமாம். வேலையை வைத்துத்தான் ஓரளவு சொல்ல முடியும். ஒரே சீராக நாடா கத்தரித்து, இறகில் செருகி, கூடுவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது பெண். ஆணும் ஆசைக்கு ஒன்றிரண்டு செருகிப் பார்க்கும், ஆனால் போகிற வழியிலேயே விழுந்துவிடும். "உன் வூட்ல ரெண்டும் பொண்ணு" என்றார் அக்கா.

ஒன்றை அவரிடமே கொடுத்துவிட்டு, அவர் வீட்டு ஆணை வாங்கிவந்தேன். அவன்தான் சோம்பேறி. கூட்டு வேலையில் துரும்பைக் கிள்ளிப் போட மாட்டான். ஆனால் சுந்தரி பானைக்குள் அடை உட்கார்ந்துவிட்டால், தின்றதைத் தொண்டையிலிருந்து மேலே கொண்டுவந்து அவள் வாயில் ஊட்டுவான். ஊட்டுவதற்கு முன் பூசாரி மாதிரி தலையை ஆட்டுவான். பானையை விட்டு நகர மாட்டான். பெயர் பொருந்தவில்லைதான். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான், அதனால் மாற்றவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேர்தான் லவ். கோபம் வந்தால் சுந்தரி அவன் கால் விரலைத்தான் கடிப்பாள். கல்யாணப் பரிசுப் பொருள்களில் இந்த ஜோடியைப் படம் போட்டுக் கொடுக்கிறார்களே, அவர்களில் ஒருவராவது கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

பாதி வீடு

மாப்பிள்ளையின் பெயர் குமரவேல். ஊர் மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றங்கரை. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். பஜாரில் ஒரு சின்னக் கடை வைத்து, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொடுப்பார். அப்பா இல்லை, அம்மா மட்டும். புதிதாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார்.

அந்த வீட்டைப் பார்க்க அத்தை தன் படையோடு போனாள். வீடு பார்ப்பதில் அத்தைக்கு ஒரு தனி முறை உண்டு. கூடம், டிவி, கட்டில் எதையும் பார்க்க மாட்டாள். நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்பு மேடைக்கு முன்னால் நின்று, கண்ணை இறுக மூடுவாள். மெதுவாகத் திறப்பாள். அதோடு தீர்ப்பு. அவள் இப்படி வேண்டாம் என்று சொன்னதாலேயே எனக்கு இரண்டு மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. நானும் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினாள்.

"வூடாடா அது? பின்னாடி ரெண்டு ரூமும் சமையக்கட்டும் கட்டியாச்சு. முன்னாடி கூடமும் இல்ல, வாசலும் இல்ல. வெறும் கடக்கால் மட்டும் போட்டு வுட்டு வெச்சிருக்குது. சமையக்கட்டு ஒரே இருட்டு. கண்ண மூடனா இன்னா, தொறந்தா இன்னா."

"ஏன் நிறுத்திட்டாங்களாம்?" என்று அப்பா கேட்டார்.

"நானும் கேட்டேன். வர்ற பொண்ணு வூட்டுக்காரங்க பாத்து, புடிச்சிருக்குன்னு சொன்னாத்தான் மீதியக் கட்டுவாராம். அவங்களுக்கு எப்டி வேணுமோ அப்டிக் கட்டிக்கலாம்னு வுட்டு வெச்சிருக்காராம். முடியலன்னு சொல்றதுக்கு இப்டி ஒரு சால்ஜாப்பு."

"சரி, காலையில போன் போட்டு வேணாம்னு சொல்லிடறேன்" என்றார் அப்பா.

நான் சோம்பேறிக்குத் தினை போட்டுக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு அப்போது வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை வந்த வீடுகள் எல்லாமே முடிந்துபோன வீடுகள். பூஜை அறை இங்கே, பீரோ இங்கே, மருமகள் நிற்க வேண்டிய இடம் இங்கே. எல்லாரும் ஒரே குரலில் சொன்ன இன்னொன்று, கடையை மூடிவிட்டு வரணும். ஒருத்தராவது, உனக்கு எப்படி வேணும் என்று கேட்பதற்குக் கையகல இடம் விட்டு வைத்திருந்ததாக நினைவில்லை. இந்த மனுஷர் பாதி வீட்டை விட்டு வைத்திருக்கிறார்.

மாப்பிள்ளை மேல் ஆசை வந்தது என்று எழுதினால் பொய். எனக்கு முதலில் ஆசை வந்தது அந்த வெறும் கடக்கால் மேல்தான், அஸ்திவாரத்தின் மேல். விடிந்தால் அப்பா போன் போட்டுவிடுவார், அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"நான் போய்ப் பாக்கறேன்" என்றேன்.

"ஊரு சிரிக்கும்" என்றாள் அம்மா.

"குருவி பாக்கப் போறேன்மா. அவருதான் வரச்சொன்னாரே."

"கெணத்தாண்ட வேணா நில்லு. அந்த வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாதுடி" என்றாள் அத்தை.

"நிலை வெச்சுட்டாங்களா அத்தை?"

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "முன்னாடி கட்டவே இல்லியே, நிலை எங்க வெக்கறது?"

எங்கள் பக்கம் வீடு கட்டும்போது வாசல் நிலை வைப்பது ஒரு சடங்கு. நல்ல நாள் பார்த்து, அடியில் நவதானியம் போட்டு, மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் அது வீடு. எதிர்த் தெருவில் ஒருத்தர் வாசல் நிலை வைக்காமலே புது வீட்டில் சமைத்துச் சாப்பிட்டபோது, "நிலை வெக்காதது வூடே இல்ல, அது வெறும் செவுரு" என்று தெருவே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னவள் அத்தைதான். அதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

"வெறும் செவுத்துக்குள்ள போய்ட்டு வந்தா இன்னா அத்தை தப்பு?"

ஒன்று என்னைப் போகவிட வேண்டும், இல்லை தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது அத்தை சரித்திரத்தில் நடந்ததே இல்லை.

"போய்த் தொலை" என்றாள். "ஆனா நானும் வருவேன்."

கிணற்றடி

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. முதல் நாள் கல்வராயன் மலையில் நல்ல மழை, மலை முழுக்கக் கழுவி வைத்தது போல இருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஈரக் கரும்பு வாசனை. அத்தை வழி நெடுக, "குருவிய மட்டும் பேசு, வேற எதுவும் பேசாத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

குமரவேல் கிணற்றடியில் நின்றிருந்தார். சட்டையைப் புதிதாகப் போட்டிருந்தார், மடிப்புக் கோடு தெரிந்தது. பக்கத்துப் பழைய வீட்டு வாசலில் அவர் அம்மா நின்று எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். யாரும் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. நாங்கள்தான் குருவி பார்க்க வந்தவர்களாயிற்றே.

கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு வேலமரம் சாய்ந்திருந்தது. கிளைக்குக் கிளை கூடு. சில முழுசாகச் சுரைக்குடுக்கை போலத் தொங்கின. சில பாதியில் நின்றன. ஒவ்வொரு பாதிக் கூட்டிலும் மஞ்சள் தலை ஆண் ஒன்று தலைகீழாகத் தொங்கி, கத்திக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தது. எண்ணெய் போடாத சைக்கிள்கள் சந்தை நிறைய ஓடுகிற மாதிரி அப்படி ஒரு சத்தம்.

"தொ, அந்தக் கரும்பாண்ட பாருங்க" என்றார் அவர்.

ஒரு ஆண் கரும்புத் தோகையின் ஓரத்தைக் கடித்து, அலகில் பிடித்துக்கொண்டு பறந்தது. பறந்த வேகத்தில் நீளமாக ஒரு நார் உரிந்து கூடவே வந்தது. நேராக மரத்துக்கு வந்து, காலால் அழுத்திப் பிடித்து, அலகால் உள்ளே விட்டு வெளியே இழுத்து முடிச்சுப் போட்டது. சுந்தரி உட்கார்ந்த இடத்தில் கத்தரிக்கிறாள், இது பறந்தே கிழிக்கிறது. அவள் இடுப்பில் செருகுகிறாள், இது வாயில் பிடிக்கிறது. சுந்தரி நாடாவைப் பானைக்குள் குவித்து அடுக்குவதோடு சரி, முடிச்சு என்ற பேச்சே கிடையாது. கைவேலை என்று பார்த்தால் சுந்தரி இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அதை நான் மனசுக்குள் ஒப்புக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

அப்போது சாம்பலும் பழுப்புமாக, சிட்டுக்குருவி மாதிரி சாதாரணமாக ஒன்று வந்து உட்கார்ந்தது. மரமே அலறியது. எல்லா ஆண்களும் தங்கள் தங்கள் பாதிக் கூட்டில் தொங்கிக்கொண்டு சிறகை அடித்தன.

"அதாங்க பொண்ணு" என்றார் குமரவேல். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அது அவசரப்படவில்லை. ஒரு கூட்டுக்குள் நுழைந்து, நடுவில் ஊஞ்சல் மாதிரி இருந்த குறுக்குப் பின்னலில் உட்கார்ந்து பார்த்தது. ஒரு நாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. வெளியே வந்து பறந்துவிட்டது. அந்தக் கூட்டுக்காரன் சிறகை விரித்தபடியே கொஞ்ச நேரம் தொங்கினான். பாவமாக இருந்தது.

"எல்லாம் ரெண்டு நாரு இழுத்துப் பாத்துட்டு வேணாம்னு போய்டும்" என்றார். "அதனாலதான் பாதியிலயே காட்டுது. புடிச்சிருக்குன்னு அது உள்ள உக்காந்தாத்தான் முட்டை வெக்கற அறை, நீட்டு வாசல் எல்லாம் கட்டும். முழுசாக் கட்டி வெச்சு இந்தா இருன்னு சொல்லாதுங்க. அதப் பாத்துத்தான் நானும்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

"சரிங்க. புடிச்சிருக்குன்னு அது உக்காந்துடுச்சு. அப்புறம்?" என்றேன்.

"முட்டை வெக்கும். குஞ்சு பொரிக்கும்."

"அப்ப இந்த ஆம்பளை?"

அவர் தலையைச் சொறிந்தார். பொய் சொல்ல வராத ஆள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. "இது பக்கத்துக் கிளையில இன்னொரு கூடு கட்டும்."

"யாருக்கு?"

"இன்னொருத்திக்கு."

"அடி ஆத்தே" என்றாள் அத்தை. இதுவரை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவரைப் பார்க்கத் தொடங்கினாள்.

"அம்மா, நான் குருவி இல்லீங்க" என்றார் அவர் அத்தையிடம் பரிதாபமாக.

நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன். "எங்க வூட்ல இருக்கறவன் கட்ட மாட்டான். ஆனா அந்தப் பானைய வுட்டு நவுர மாட்டான். அவளுக்கு வாயில ஊட்டுவான்."

"அப்ப அன்னிக்கு வேலை செஞ்சது நெஜமாவே பொம்பளைதானா?"

"நெஜமா."

"நான் கவனிச்சது தப்பு இல்லீங்க" என்றார். "வேற ஊரு வழக்கம், அவ்ளோதான்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. தோற்றுப்போன ஆண்கள் பேச்சை மாற்றுவார்கள் அல்லது குரலை உயர்த்துவார்கள், இவர் இரண்டும் செய்யவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கிணற்றடியில் நின்று எனக்குத் தோன்றியது இதுதான். வீட்டைக் காட்டிவிட்டு என்ன சொல்கிறாய் என்று காத்திருக்கும் விஷயத்தில் தூக்கணாங்குருவி மாதிரி ஒருத்தன் வேண்டும். அதற்குப் பிறகு நகராமல் பக்கத்தில் இருக்கும் விஷயத்தில் சோம்பேறி மாதிரி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

"வூட்டப் பாக்கலாமா?" என்றேன். அத்தை என் இடுப்பில் கிள்ளினாள்.

செங்கல் துண்டு

வாசல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கடக்கால். புல் முளைத்திருந்தது. வலது காலா இடது காலா என்று யோசிக்கக்கூட ஒன்றும் இல்லை, தாண்டி உள்ளே போனேன்.

செங்கல் வேலை சுத்தமாக இருந்தது. கொத்தனாரோடு தானும் நின்று கட்டியதாகச் சொன்னார். சமையலறைக்குள் நுழைந்தேன். அத்தை சொன்னது சரிதான். மேலே புகை போக ஒரு பொந்து, அவ்வளவுதான். அத்தை வழக்கம் போல மேடைக்கு முன்னால் நின்று கண்ணை மூடினாள். திறந்தாள். இந்தத் தடவை தீர்ப்புச் சொல்லவில்லை. வேறு ஒன்று சொன்னாள்.

"எலவனாசூர்கோட்டையில நான் வாழப் போன வூடும் இப்டித்தான். சமையக்கட்டுல ஜன்னல் கெடையாது. வெளியில வெய்யில்லேர்ந்து உள்ள வந்தா ஒண்ணும் தெரியாது. உப்பா சர்க்கரையான்னு நக்கிப் பாத்துத்தான் போடுவேன். புகையில கண்ணு எரிஞ்சு தண்ணி வரும். மாமியார் வந்து, இன்னாத்துக்கு அழுதுக்கினு இருக்கேன்னு கேக்கும். அழுவலன்னு சொல்லுவேன். சில நாளு அழுதுக்கினுதான் இருப்பேன், யாருக்குத் தெரியும்."

அத்தை இதை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கண்ணை மூடித் திறப்பதை வைத்து வீட்டில் எல்லாரும் கேலி செய்வோம், நானும் செய்திருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குமரவேல் கீழே குனிந்து ஒரு செங்கல் துண்டை எடுத்தார். "நீங்களே வரைஞ்சு காட்டுங்க" என்று என்னிடம் நீட்டினார். "எங்க இன்னா வேணுமோ."

முதலில் வெளியே வந்து, முன்பக்கக் கடக்காலுக்குப் பக்கத்தில் தரையில் கோடு போட்டேன். ரோட்டைப் பார்த்து ஒரு அறை, அதற்கு ஷட்டர். "இது எதுக்குங்க?" என்றார்.

"கடை. ஜெராக்ஸ் மிஷின் இங்க வரும். நான் மூட மாட்டேன்."

"இங்க ஜெராக்ஸ் எடுக்கணும்னா பேட்டைக்குத்தான் போவணும்" என்றார். "கரண்டு வேலையெல்லாம் நானே பாத்துக்கறேன்." அவ்வளவுதான். இத்தனை வருஷமாக எத்தனையோ வீட்டில் மாரடித்த விஷயம், ஒரே வரியில் முடிந்தது.

அதற்குள் அத்தை என் கையிலிருந்த செங்கல் துண்டைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கிணற்றுப் பக்கச் சுவரில், எட்டும் உயரத்தில் தொடங்கி, பெரிய சதுரமாக ஒன்று வரைந்தாள்.

"ஜன்னலு" என்றாள்.

"இவ்ளோ பெருசாங்களா?" என்றார் குமரவேல்.

"இவ்ளோ பெருசுதான்."

அது அவர் கையால் வைத்துக் கட்டிய சுவர். முடிந்து, காய்ந்து, பூச்சுக்கு நின்ற சுவர். அதை ஒரு முறை தடவிப் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

போச்சு என்று நினைத்தேன். கடை கேட்டபோதுகூடப் பொறுத்துக்கொண்டவர், கட்டிய சுவரில் கை வைத்ததும் கோபித்துக்கொண்டார் என்று தோன்றியது. அந்தப் பாதி வீட்டை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். இந்த முறை வீட்டை மட்டும் நினைத்துப் பயப்படவில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் திரும்பி வந்தபோது கையில் கடப்பாரை இருந்தது. பின்னாலேயே அவர் அம்மா, என்ன நடக்கிறது என்று பார்க்க வந்து நின்றார். அவர் கடப்பாரையை என்னிடம் நீட்டினார்.

"மொத கல்ல நீங்க எடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

நல்ல கனம். சதுரத்தின் மேல்வரிசையில் கலவை இளகலாகத் தெரிந்த ஒரு சந்தில் முனையைக் கொடுத்து நெம்பினேன். இரண்டாவது நெம்பில் கல் அசைந்தது. மூன்றாவதில் வெளியே விழுந்தது. கையளவு வெளிச்சம் உள்ளே வந்து மேடையில் விழுந்தது. கூடவே குருவிச் சத்தமும் வந்தது.

அத்தைக்கு அப்போதுதான் சுயநினைவு வந்தது.

"ஏய் பரமு, வெய்யிடி அத கீழ" என்றாள். "பேச்சே இன்னும் முடியல. குருவி பாக்கறேன்னு வந்துட்டு, மாப்பிள்ளை வூட்டு செவுர இடிச்சுக்கினு நிக்கறே. இதுக்கு ஊருல இன்னா பேரு சொல்லுவாங்க தெரியுமா?"

குமரவேலின் அம்மா கல் விழுந்த இடத்துக்குக் கிட்டே வந்து, எக்கி வெளியே பார்த்தார்.

"எங்க ஊருல இதுக்கு நிச்சயதார்த்தம்னு பேருங்க" என்றார். "நவுருங்க, அவ இன்னும் ரெண்டு கல்லு எடுக்கட்டும். இங்க நின்னா கெணறு தெரியும்னு எனக்கு இத்தினி நாளாத் தெரியாமப் போச்சே."